காலத் துடிப்பைப் பங்கிடும் சில்லுகள்

கல்லூரி மணி ஒன்றே. அதனைக் கேட்கும் வகுப்புகள் பல. மணிக்கு அருகிலுள்ள வகுப்பில் ஆசிரியர் புத்தகத்தை மூடும்பொழுது, மைதானத்திற்கு அப்பாலுள்ள ஆய்வுக்கூடத்தில் ஓசை இன்னும் வந்து சேர்ந்திராது. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்வதாகலின் இவ்வேற்றுமை மிகச் சிறிதே. மாணவர் எவரும் இதனால் நஷ்டமடைந்ததில்லை. ஆனால் மின்னணுக் கருவிகளுக்குள் அடிக்கும் மணியோ விநாடிக்குப் பல கோடி முறை அடிப்பது. அங்கே இத்தகைய பிறழ்ச்சி பொறுக்கத்தக்கதன்று. அவ்வோசையைப் பிறழாமல் பங்கிட்டுக் கொடுக்கும் சிறு சில்லுகளைக் குறித்து, நாம் பட்டறிந்த ஒரு தொல்லையை முன்னிட்டு, இங்கே சில கூறுவோம்.

கணக்கிடும் பொறிகளில் ஒவ்வொரு செய்தியும் ஒன்று அல்லது சுழி என்னும் இரண்டில் ஒன்றாய் நிற்கும். அதனைப் பிடித்து வைத்திருக்கும் உறுப்புக்கு ஃபிளிப்-ஃபிளாப் என்று பெயர். அது தன் கதவை எப்பொழுதும் திறந்து வைப்பதில்லை. கடிகாரத் துடிப்பு தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏறும் அக்கணத்தில் மட்டும் வாயிலில் நிற்கும் செய்தியை உள்ளே ஏற்கும். செய்தி அக்கணத்திற்குச் சற்று முன்னரே வந்து நிற்க வேண்டும்; பின்னரும் சற்று அசையாதிருக்க வேண்டும். முன்னதில் குறை நேரின் துடிப்பை மெதுவாக்கி நிவர்த்தி செய்யலாம். பின்னதில் குறை நேரின் எவ்வளவு மெதுவாக்கினும் பயனில்லை. ஏனெனில் அப்பிழை ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே பிறப்பதன்று. ஒரே துடிப்பு இரண்டு உறுப்புகளை வெவ்வேறு கணத்தில் அடைவதால் பிறப்பது. இவ்விரண்டையும் மாணவர் வேறு பிரித்தறிதல் வேண்டும்.

துடிப்பைப் பிறப்பிப்பது பெரும்பாலும் ஒரு குவார்ட்ஸ் படிகம். படிகத்தோடு கூடிய அலையாக்கிகளுள் பல, 15 பிக்கோஃபாரட் சுமையை மட்டுமே செவ்வனே தாங்குவன. ஒவ்வொரு சில்லின் வாயிலும் ஏறக்குறைய 5 பிக்கோஃபாரட் சுமையாகும். கம்பியின் சுமை வேறு. பத்துச் சில்லுகளை ஒன்றாக மாட்டினால், பத்து மூட்டை ஏற்றிய ஒற்றை மாட்டு வண்டி மேடேறுவது போலத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். எல்லாச் சில்லுகளும் ஒரே மின்னழுத்தத்தில் விழித்தெழுவன அல்ல. ஏற்றம் செங்குத்தாயிருந்தால் இவ்வேற்றுமை மறைந்துவிடும். சரிவாயிருந்தாலோ நேர வேற்றுமையாக வெளிப்படும். இதனைத் தவிர்க்கவே கிளாக் பஃபர் எனப்படும் சில்லு இடையில் வைக்கப்படுகின்றது. அதற்கு நுழைவாயில் ஒன்று. வெளிவாயில்கள் நான்கோ, எட்டோ, பத்தோ. அது எதையும் கணக்கிடுவதில்லை, நினைவில் வைப்பதுமில்லை. வந்த துடிப்பைப் படியெடுத்து ஒவ்வொரு வாயிலிலும் புதிய வலுவோடு அனுப்புவதே அதன் தொழில். பெருஞ்சுமை தாங்க அமைந்தவற்றை டிரைவர் என்பர்.

இச்சுமை எத்துணைப் பெரிதாகக்கூடும் என்பதற்கு, டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பொரேஷன் 1992இல் வெளிக்கொணர்ந்த ஆல்ஃபா 21064 என்னும் சில்லே சான்று. ஏறக்குறைய 16.8 லட்சம் டிரான்ஸிஸ்டர்களைக் கொண்ட அதனுள் துடிப்பு விநாடிக்கு 20 கோடி முறை எழுந்தது. துடிப்புக் கம்பி வலையின் சுமை 3,250 பிக்கோஃபாரட். அதனை இயக்கிய இறுதிக்கட்ட டிரான்ஸிஸ்டர்களின் அகலத்தைக் கூட்டினால் 35 சென்டிமீட்டர் வருமாம். சில்லோ இரண்டு சென்டிமீட்டர் நீளமும் இல்லாதது! அது உண்ட 30 வாட் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இத்துடிப்புக்கே சென்றது. ஒரு வீட்டின் வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைக் கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பவனுக்கே அளந்தது போலும் இது.

நிற்க, நம் தொல்லைக்கு வருவோம். கல்லூரி ஆண்டு விழாவிற்காக விஞ்ஞானக் கழகத்தார் ஒளியெழுத்துப் பலகை ஒன்று செய்தோம். ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சில்லுகள் பதினாறு, நான்கு அட்டைகளில் அமைந்து, தட்டைக் கம்பியால் வரிசையாக இணைக்கப்பட்டன. துடிப்பும் அதே கம்பியில் அட்டைக்கு அட்டை தொட்டுச் சென்றது. மேசைமேல் ஒரே அட்டையோடு சோதித்தபொழுது குறையேதுமில்லை. நான்கையும் மாட்டியவுடன், விருந்தினர் பெயரின் எழுத்துகள் சில வேளைகளில் ஒரு விளக்கு தள்ளி நின்றன. துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகி அடுத்த எழுத்தோடு உறவாடிற்று. விழாவுக்கு மூன்று நாட்களே இருந்தன. துடிப்பை விநாடிக்குப் பத்து லட்சத்திலிருந்து ஆயிரமாகக் குறைத்தோம். பிழை அப்படியே நின்றது. நிரலை எழுதிய மாணவரை அனைவரும் குறை கூறினோம். அது அநியாயம் என்று பின்னர் அறிந்தோம்.

ஆஸிலாஸ்கோப்பில் நோக்கியபொழுது உண்மை தெரிந்தது. துடிப்பு கம்பியின் கடைசிவரை ஓடி, அங்கே ஏற்பாரின்றிக் கிணற்றுச் சுவரில் மோதிய குரல் போலத் திரும்பி வந்தது. அவ்வெதிரொலியால் ஏற்றம் ஒருமுறை உயர்ந்து, தாழ்ந்து, மறுபடியும் உயர்ந்தது. சில்லு ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிற்று. எழுத்தும் ஓரிடம் கூடுதலாக நகர்ந்தது. இத்தகைய கம்பியில் மின்னலை ஒரு நானோவிநாடியில் 20 சென்டிமீட்டர் அளவே செல்வது. அஃதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில். இரண்டொரு நானோவிநாடிக்குள் ஏறிவிடும் துடிப்புக்கு ஒரு மீட்டர்க் கம்பி நெடுந்தூரமாகும். துடிப்புகளின் இடைவெளியை நாம் நீட்டினோமேயன்றி, ஏற்றத்தின் வேகத்தைத் தொடவில்லை. ஆகலின் மெதுவாக்கியது பயன்படவில்லை.

பரிகாரம் எளிது. நான்கு வெளிவாயில்களுள்ள பஃபர் ஒன்றை வைத்து, ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியே சம நீளமுள்ள கம்பி விட்டோம். ஒவ்வொரு வாயிலிலும் 82 ஓம் தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்தோம். பஃபரின் சொந்தத் தடை ஏறக்குறைய 20 ஓம்; இரண்டும் கூடின் கம்பியின் இயல்பான 100 ஓமுக்கு ஒத்துவரும்; திரும்பி வரும் அலை அங்கேயே அடங்கிவிடும்.

இச்சில்லை வாங்கும்பொழுது விற்பனையாளர் ஒருவர், தாமதமே இல்லாத பஃபர் உண்டு, அதுவே மேலானது என்றார். அது பி. எல். எல். என்னும் வளையத்தால் இயங்குவது. வெளியே சென்ற துடிப்பை உள்ளே வரும் துடிப்போடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒரு துடிப்பு போலவே மறு துடிப்பும் இருத்தலால், முழுச் சுற்றுப் பிந்தியதும் நேரத்தோடு வந்ததாகவே எண்ணப்படும், கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் துடிப்பு இடையறாது ஓடினாலன்றி அவ்வளையம் நிலைகொள்ளாது. நம் பலகையிலோ துடிப்பு எழுத்துக்கு எழுத்து நின்று நின்று வருவது. ஆகவே சாதாரண பஃபரே நமக்கு ஏற்றது. மற்றொன்று: ஒரே சில்லின் வாயில்களுக்கிடையே உள்ள பிறழ்ச்சி வேறு, இரு சில்லுகளுக்கிடையே உள்ளது வேறு. விவரத்தாளில் முன்னது சிறிதாகவும், பின்னது பன்மடங்கு பெரிதாகவும் குறித்திருக்கும். முன்னதை மட்டும் படித்துவிட்டு இரண்டு சில்லுகளை வாங்கிப் பங்கிடுவோர் ஏமாறுவர்.

விழாவன்று விருந்தினர் பெயர் துணைக்கால் பிசகாமல் ஒளிர்ந்தது. நமக்கு வேண்டிய தடைகள் நான்கே. கடைக்காரர் பத்துக்குக் குறைந்து கொடேன் என்றமையால், எஞ்சிய ஆறும் ஆய்வுக்கூட அலமாரியில், நிரல் எழுதிய அம்மாணவரின் பெயரிட்ட உறையில் இருக்கின்றன.