வயிறு வீங்கினால் சம்சு மட்டும்தான் காரணமா?

லிங்கி, லாபு, பஹாவ் பக்கத் தோட்டங்களில் ஒருவருக்கு வயிறு வீங்கிவிட்டால் போதும், லயமே தீர்ப்புச் சொல்லிவிடும்: “சம்சு போட்டுப் போட்டு ஈரல் போயிருச்சு.” பல நேரம் அது சரியாகவும் இருக்கும். சரியில்லாதபோதுதான் வினை. ஒரு சொட்டும் தொடாத அம்மாவுக்கும் மகோதரம் வரும். சிலருக்கு அதன் மூலம் ஈரலில் இல்லை, இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் இருக்கிறது.

இந்த உறை 2 மில்லிமீட்டர்கூடத் தடிக்காத சவ்வு. காசநோயோ வேறு அழற்சியோ வந்துபோனால் அது தழும்பேறும். சிலருக்குச் சுண்ணாம்பும் படியும். இருதயத்தோடு சேர்ந்து விரிய வேண்டிய பை, பால் மரத்தில் மாட்டிய மங்குபோல் ஆகிவிடுகிறது: கொள்ளுமட்டும் கொள்ளும், அதற்குமேல் ஏறாது. உள்ளே போக முடியாத இரத்தம் சிரைகளில் தேங்க, ஈரல் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. கால் வீக்கத்தைவிட வயிற்று வீக்கம் பெரிதாகத் தெரிவதால்தான் பழி ஈரல்மேல் விழுகிறது.

கழுத்தைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். உறை இறுகியவர்களைச் சாய்ந்து உட்கார வைத்தால் கழுத்துச் சிரை புடைத்து நிற்கும். மூச்சை இழுக்கும்போது அது தணிய வேண்டும். இவர்களுக்குத் தணியாது, சில சமயம் இன்னும் ஏறும். ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் 1873இல் எழுதிவைத்த அடையாளம் இது. வெறும் ஈரல் சுருக்கத்தில் கழுத்துச் சிரை பொதுவாக இப்படிப் புடைப்பதில்லை. செலவே இல்லாத இந்தச் சோதனையை விட்டுவிட்டு வயிற்றை மட்டும் ஸ்கேன் செய்வது எனக்குப் புரிந்ததே இல்லை.

“எக்கோ எடுத்தாச்சு, இருதயம் நல்லாத்தான் அடிக்குதாம்.” அடிக்கும். கோளாறு அடிப்பதில் இல்லை, நிரம்புவதில். வால்வு திறந்ததும் இரத்தம் விறுவிறுவென்று பாய்ந்து, உறையில் முட்டிச் சட்டென்று நின்றுவிடும். ஸ்டெதாஸ்கோப்பில் அது ஒரு தட்டல் ஒலியாகக் கேட்பதும் உண்டு. இருதயம் தளர்ந்திருக்கும் நேரத்தில் இடப்பக்க அழுத்தம் வலப்பக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதே இயல்பு. இங்கோ நான்கு அறைகளிலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம், பலருக்கு 20 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி. உறைக்குள் இடம் அவ்வளவுதான் என்பதால், மூச்சை இழுக்கும்போது வலது கீழறை நிரம்பி நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளும், இடது குறையும். மூச்சை விட்டால் தலைகீழ். மூச்சோடு மாறும் இந்த இழுபறியை எக்கோவிலேயே பார்க்கலாம், தேடிப் பார்த்தால். அதற்குச் சந்தேகத்தை டாக்டர் சீட்டில் எழுதியனுப்ப வேண்டும்.

“படபடன்னு அடிக்குதே, குறைக்க மாத்திரை போடு” என்று பக்கத்து வீட்டு மாத்திரையை நீட்டுவது இன்னொரு வம்பு. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைந்திருப்பதால், வேகமாகத் துடித்துத்தான் இருதயம் ஈடுகட்டுகிறது. அந்த வேகத்தை அடக்கினால் ஆள் சோர்ந்து விழுவார். நீர் மாத்திரை வீக்கத்தைத் தணிக்கும், ஆனால் அளவு மீறினால் ஏற்கெனவே நிரம்பாத இருதயம் இன்னும் வற்றும்.

“இருமல் இல்லை, அப்புறம் என்ன டிபி?” மலேசியாவில் ஆண்டுக்கு 20,000 பேருக்குமேல் காசநோய் பதிவாகிறது, அது நுரையீரலோடு நிற்பதில்லை. இருதய உறையில் தங்கினால் இருமலே இல்லாமல் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவுமாகப் போய்விடலாம். கிளினிக்கில் ஆறு மாத மருந்தைப் பாதியில் விடாதவர்களுக்கும் உறை இறுகுவது உண்டு, ஆனால் விட்டவர்களுக்கு ஆபத்து அதிகம்.

கண்டுபிடித்ததும் எல்லாருக்கும் கத்தி வைப்பதில்லை. அழற்சி இன்னும் ஆறாத சிலருக்கு மருந்திலேயே சில மாதங்களில் உறை இளகும். இளகாதவர்களுக்கு உறையை உரித்தெடுக்கும் அறுவை. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையில் காட்டுபவர்களை அதற்குக் கோலாலம்பூர் பக்கம் அனுப்புவார்கள். சிறிய அறுவை அல்ல, உயிராபத்தும் உண்டு. ஈரல் கெட்டு, சுண்ணாம்பு இருதயத் தசைக்குள் இறங்கியபின் போனால் அந்த ஆபத்து கூடும். அறுவை நன்றாக முடிந்தாலும் வயிறு வற்றச் சிலருக்கு மாதக்கணக்காகும்.