சிகரெட்டை விடும் வழி: ஜோகூர் வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 70 பொருட்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. புகைப்பவரைச் சிகரெட்டோடு கட்டிப்போடுவது நிக்கோட்டின். அவர் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் பிற நச்சுகளும். புகையிலையை எரித்து இழுப்பதில்தான் பெருங்கேடு இருக்கிறது. அதனால்தான் நிக்கோட்டினைச் சில வாரங்களுக்கு வேறு வடிவில் கொடுத்து, புகையை உடனே நிறுத்தும் மருத்துவ முறை சாத்தியமாகிறது.

புகையின் கேடு நுரையீரலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், வாய், தொண்டை, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள், கால் ரத்தக்குழாய் அடைப்பு எல்லாம் இதில் அடங்கும். புகைப்பவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 30 முதல் 40 விழுக்காடு அதிகம். மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதால், தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஒரு கணக்கே போதிய எச்சரிக்கை. நீரிழிவும் புகையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் இதயமும் கால்களும் இரட்டை அடி வாங்குகின்றன.

பிரிட்டனில் 1951-இல் தொடங்கி மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, வாழ்நாள் முழுதும் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார் என்று காட்டியது. 30 வயதில் விட்டவர் அந்தப் பத்து ஆண்டுகளையும் ஏறக்குறைய மீட்டுக்கொண்டார். 40-இல் விட்டவர் ஒன்பதும், 50-இல் விட்டவர் ஆறும், 60-இல் விட்டவர் மூன்றும் மீட்டனர். காலம் கடந்துவிட்டது என்று சொல்லத்தக்க வயது எதுவும் அதில் இல்லை.

விடுவது ஏன் கடினம்

இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 விநாடிகளில் மூளையைத் தொடுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, கவனச் சிதறல் தோன்றும். அடுத்த சிகரெட் அதைத் தணிக்கும். மன அழுத்தத்துக்கு மருந்து என்று நம்பிப் புகைப்பவர், பெரும்பாலும் முந்தைய சிகரெட் விட்டுச்சென்ற தவிப்பையே தணித்துக்கொள்கிறார்.

உடம்பின் தேவையோடு பழக்கத்தின் பிடியும் சேர்கிறது. ஒட்டுக்கடைத் தே தாரேக்குப் பின் ஒன்று, பாசிர் கூடாங் ஆலையில் ஷிஃப்ட் இடைவேளையில் ஒன்று, சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலைத் தாண்டி வந்ததும் ஒன்று என்று ஒவ்வொரு சிகரெட்டும் ஓர் இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டிக்கொள்கிறது. எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே நெடுநாள் தாக்குப்பிடிக்கிறார்கள். மன உறுதி குறைந்தவர்கள் என்று மற்றவர்களைத் தள்ளிவிடக் கூடாது. ஆயத்தமில்லாமல் இறங்கியதே பலருடைய தோல்விக்குக் காரணம்.

படி 1: பழக்கத்தை அளந்து பார்த்தல்

ஒரு வாரம் சிறு நோட்டில் ஒவ்வொரு சிகரெட்டையும் குறிக்க வேண்டும்: எத்தனை மணி, எந்த இடம், யாருடன், என்ன மனநிலை. எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு நிக்கோட்டின் சார்பு அதிகம். அவருக்கு மருந்துத் துணை அவசியம் என்று கொள்ளலாம். பணக் கணக்கையும் அதே நோட்டில் எழுதலாம். பெட்டி 17 ரிங்கிட் என்று கொண்டால், நாளுக்கு ஒரு பெட்டி ஆண்டுக்கு 6,205 ரிங்கிட் ஆகிறது. வரி கட்டாத கள்ளச் சிகரெட் விலையில் மலிவு; நஞ்சில் மலிவு இல்லை.

படி 2: நாள் குறித்தல்

இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்து வீட்டாருக்கும் நண்பருக்கும் சொல்லிவிட வேண்டும். நாள் குறிக்கும் பண்பாடு ஜோகூர்த் தமிழருக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுப்பவர்கள் இறைச்சி, மதுவோடு சிகரெட்டையும் ஒதுக்கி வைக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் ரமலானில் பகல் முழுதும் புகையாமல் இருக்கிறார்கள். உடம்பால் முடியும் என்பதற்கு இவையே சான்று. ஆனால் விரதம் முடிந்த மறுநாளும், நோன்பு திறந்த மாலையும் சிகரெட் திரும்பி வரும் நேரங்கள். ஆகவே விரதத்தின் முதல் நாளுக்கு எவ்வளவு ஆயத்தமோ, அதற்கு மேலான ஆயத்தம் அது முடிந்த மறுநாளுக்கு வேண்டும்.

குறித்த நாளுக்கு முந்தைய இரவு வீடு, கார், மோட்டார் சைக்கிள் பெட்டி எங்கும் சிகரெட்டோ லைட்டரோ சாம்பல் கிண்ணமோ மிஞ்சக் கூடாது.

படி 3: உதவியை ஏற்பாடு செய்தல்

அரசாங்கச் சுகாதார நிலையங்களில் (கிளினிக் கெசிஹாத்தான்) புகைப்பதை நிறுத்த உதவும் ஆலோசனைச் சேவை உண்டு. சுகாதார அமைச்சின் எம்குவிட் திட்டத்தின் கீழ் தனியார் மருந்தகங்களும் மருத்துவ நிலையங்களும் இச்சேவையில் இணைந்துள்ளன. வீட்டுக்கு அருகிலுள்ள கிளினிக்கில் முன்பதிவு செய்து, படி 1-இல் எழுதிய நோட்டைக் கொண்டு செல்வது நல்லது. ஆலோசனையும் மருந்தும் சேரும்போது, தனியே முயல்வதைவிட வெற்றி வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது.

படி 4: மருந்தை முறையாகப் பயன்படுத்துதல்

நிக்கோட்டின் ஒட்டு நாள் முழுதும் சீராக நிக்கோட்டினைத் தரும். நாளுக்குப் பத்துக்கு மேல் புகைப்பவருக்கு வழக்கமாக 21 மில்லிகிராமில் தொடங்கி, 14, 7 என்று வாரக் கணக்கில் குறைப்பார்கள். தினமும் தோலில் இடம் மாற்றி ஒட்ட வேண்டும்.

நிக்கோட்டின் கம் திடீர் ஏக்கத்துக்கு உதவும். அதைச் சூயிங்கம் போல் விடாமல் மெல்வது தவறு. காரச் சுவை எழும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, சுவை அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். கோப்பி, பழச்சாறு போன்ற புளிப்புத்தன்மையுள்ள பானங்கள் நிக்கோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒட்டையும் கம்மையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தரும்.

வாரனிக்ளின், புப்ரோபியோன் போன்ற மாத்திரைகளுக்கு மருத்துவரின் பரிந்துரை வேண்டும். கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

வேப் எனும் மின்சிகரெட் இந்த மருந்துகளுக்கு மாற்றல்ல. பெரும்பாலான வேப் திரவங்களில் நிக்கோட்டின் இருப்பதால் அடிமைத்தனம் அப்படியே தொடரும். ஜோகூரில் வேப் விற்பனைக்கு 2016 முதல் தடை உள்ளது. சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே 2018 முதல் குற்றம்; பாலம் கடந்து வேலைக்குச் செல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

படி 5: முதல் மாதத்தைக் கடத்தல்

தவிப்பு முதல் மூன்று நாட்களில் உச்சம் தொடும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களே நீடிக்கும். தண்ணீர் குடிப்பது, எழுந்து நடப்பது, மெதுவாக மூச்சிழுத்து விடுவது, நண்பருக்குப் போன் செய்வது என்று அந்த நிமிடங்களைத் தாண்ட ஒரு வழியை முன்பே தேர்ந்து வைத்திருக்க வேண்டும்.

பலரும் அறியாத ஒன்று: புகையை நிறுத்தியதும் காஃபின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். பழைய அளவிலேயே கோப்பி குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதைச் சிகரெட் ஏக்கம் என்று தவறாக எண்ணத் தோன்றும். கோப்பியைப் பாதியாகக் குறைப்பதே இதற்குத் தீர்வு. நீரிழிவுக்கோ ஆஸ்துமாவுக்கோ மருந்து எடுப்பவர்கள், அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

படி 6: சூழலை மாற்றுதல்

மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும் புகைக்கத் தடை உண்டு. 2024 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகைப்பொருள் விற்பதைத் தடுக்கிறது. தடை செய்யப்பட்ட இடத்தில் புகைப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. விட முயல்பவருக்கு இச்சட்டம் துணை. கடைக்கு வெளியே சாலையோரம் நின்று புகைக்கும் கூட்டத்தைவிட்டு விலகி, உள் மேசையில் அமர்ந்தால் ஒரு தூண்டுதல் குறையும். நோட்டில் குறித்த மற்ற இடங்களுக்கும் இதுபோல் ஒவ்வொரு மாற்று தேட வேண்டும்.

படி 7: சறுக்கினால் எழுதல்

துக்க வீடு, திருமண விருந்து, பழைய நண்பர் கூட்டம் ஆகியவை சறுக்கும் இடங்கள். ஒரு சிகரெட் பிடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று மீதிப் பெட்டியையும் தொடர்வதுதான் உண்மையான தோல்வி. அதை அங்கேயே நசுக்கிவிட்டு, எது தூண்டியது என்று நோட்டில் எழுதி, மருந்தைத் தொடர வேண்டும். இன்று புகையாமல் இருப்பவர்களில் பலர் பலமுறை முயன்று விட்டவர்களே.

இத்தனை முயற்சிக்கும் பலன் உண்டு. விட்ட 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் ரத்தத்தின் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. ஓராண்டில் இதய நோயின் கூடுதல் ஆபத்து பாதியாகிறது. பத்து ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.