பாசி சாகும் விதம் பார்த்து வாங்குங்கள்

நாவுலயில் பவளத் தொட்டி வைத்திருப்பவர் கடற்பாசி வாங்கும்போது நிறத்தையும் வடிவத்தையும் பிறகு பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பாசி சாகும்போது எப்படிச் சாகும் என்பதைத்தான். திருகோணமலைக் கடல் இங்கிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால். தொட்டி நீர் கெட்டுப்போனால் வாளியோடு கரைக்கு ஓட முடியாது. வடிகட்டிய நீரில் உப்புப் பொடியைக் கரைத்து, கலங்கல் தெளியவிட்டு, பிறகுதான் மாற்ற முடியும். அந்த அவகாசத்தைத் தராத பாசி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த ஊருக்கு ஆகாது.

இந்தக் கணக்கில் முதலில் விழுவது, கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கோலெர்ப்பா. கடல் திராட்சை என்று விற்கப்படுவதும் இறகுபோல விரிவதும் இதன் இனங்களே. ஓடுதண்டும் இலையுமாக அது செடிபோலத் தெரிந்தாலும், உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத ஒரே உயிரணு. இனப்பெருக்க வேளை வந்தால் தன் உள்ளடக்கம் முழுவதையும் இனவணுக்களாக்கி நீரில் கொட்டிவிடும். மறுநாள் காலை நீர் பச்சைப்பால்போலக் கலங்கியிருக்க, பாசி கண்ணாடிபோல வெளுத்துக் கிடக்கும். பிராணவாயு குறைந்து மீன்கள் மூச்சுத் திணறும். நைட்ரேட்டை இவ்வளவு வேகமாக உறிஞ்சும் பாசி வேறில்லையே, ஒழுங்காகக் கத்தரித்தால் போதாதா என்று கேட்பார்கள். கத்தரிப்பது ஆபத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மறந்துபோன ஒரு மாதத்துக்கு விலை முழுத் தொட்டி.

சுண்ணாம்புத் தட்டுகளைக் கோத்தாற்போன்ற ஹலிமீடாவும் இதே குலம்தான். அதுவும் ஓரிரவில் வெளுக்கும். பவளத்துக்கு வேண்டிய கல்சியத்தையும் பங்குபோடும். ஒரு கொத்துக்கு மேல் வேண்டாம். அலங்காரத்துக்கு என் தேர்வு சிவப்புப் பாசிகள். கிரசிலாரியாவின் உடல் பல உயிரணுக்களால் ஆனது. அது நலியும்போது நுனியில் நிறம் மங்கி, மெல்ல வெளிறி, பல நாள் முன்னறிவிப்புத் தரும். இதன் உறவான கஞ்சிப்பாசியைத்தான் ‘சிலோன் மொஸ்’ என்ற பெயரில் புத்தளம், திருகோணமலைக் கடலேரிகளிலிருந்து ஒருகாலத்தில் ஏற்றுமதி செய்தார்கள். சிறு சிவப்பு மணிகளாகத் தொங்கும் பொட்ரியோகிளாடியா இன்னும் அழகு, வளர்ச்சி மெது. நைட்ரேட் உறிஞ்சும் வேலைக்குப் பச்சை நூல்பந்தான கீட்டோமோர்பாவைத் தொட்டியின் பின்னறையில் விடுங்கள். அது கல்லில் வேரூன்றாது. கையால் அள்ளி எடுத்துவிடலாம்.

வாங்கிய பாசியை நேரே தொட்டியில் போடாதீர்கள். வேறு பாத்திரத்தில், தொட்டியின் அதே உப்பளவில், வெளிச்சத்தோடு இரண்டு மூன்று வாரம் வையுங்கள். குமிழ்ப் பாசியும் கொட்டும் சிறு அனிமோன்களும் அடித்தண்டில் ஒளிந்து வரும். இங்குள்ள கிணற்று நீர் கடினமானது. உப்புக் கரைக்கவும், ஆவியான அளவை நிரப்பவும் ஆர்.ஓ. நீரே ஏற்றது. நிரப்பும் நீரில் உப்புச் சேர்க்கக் கூடாது, ஏனெனில் ஆவியாவது நீர் மட்டுமே. வெப்பம் மிக ஏறினால் சிவப்புப் பாசிகள் வாடத் தொடங்கும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடவிடுங்கள். நைட்ரேட்டைச் சுழியத்துக்கு இறக்குவதே நல்ல தொட்டி என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். பாசிக்கு அதுதான் சோறு, 5 பி.பி.எம். அளவாவது இருக்கட்டும். டேங் மீன் வளர்ப்பவர்களுக்கு இந்த ஆலோசனையெல்லாம் வீண், அது கிரசிலாரியாவை மேய்ந்து முடித்துவிடும்.

கத்தரித்த மிச்சத்தைத் திருகோணமலைப் பயணத்தில் கடலில் விடுவது புண்ணியமல்ல. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஒரு கடலேரியில் மீன்தொட்டிக் கோலெர்ப்பா முளைத்திருந்தது தெரியவந்தது. அதைப் பாய்விரித்து மூடி, குளோரின் செலுத்தி, முற்றாக ஒழித்ததாக அறிவிக்க 2006 வரை ஆனது. ஒரு துண்டு போதும், அது மறுபடி வளர. நன்னீரில் ஊறவைத்து, வெயிலில் மொறுமொறுக்கக் காயவைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.