பெரிய மாடும் பெரிய நூல்பந்தும் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

பழைய பள்ளிப் பேருந்தை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் பொருத்தி, அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பும் இளையவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். ‘ஸ்கூலி’ என்று அந்த வண்டிக்குப் பெயர். மலைகளுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் வழிகாட்டிப் புத்தகங்கள் நிறைய உண்டு. சாலையோரத்தில் வானளாவ நிற்கும் பசுமாட்டுக்கும் வாத்துக்கும் மரவெட்டிக்கும் வழி சொல்ல ஆள் குறைவு. அப்படிப்பட்ட வண்டியில் அந்தச் சாலைகளில் நெடுங்காலம் போய்வந்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் வண்டி, பிறகு சிலை.

1. உயரத்தை அளந்து ஒட்டி வையுங்கள். முழுநீளப் பள்ளிப் பேருந்து ஏறத்தாழப் பத்தரை அடி உயரம் இருக்கும். கூரைமேல் சோலார் தகடு, காற்றாடி, சாமான் தட்டு எல்லாம் ஏற்றிய பிறகு எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும். வேலை முழுதும் முடிந்தபின் டேப் பிடித்து அளந்து, அடி, அங்குலத்தில் எழுதி, ஓட்டுகிறவர் கண்ணெதிரே ஒட்டுங்கள். கார்களுக்கான வழிகாட்டிச் செயலி பாலத்தின் உயரத்தைப் பார்த்து வழி சொல்லாது. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில்பாலம் ஒன்று லாரிக் கூரைகளைச் சீவி எடுத்தே பேர் வாங்கியது. 2019இல் அதை உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் வண்டிகள் போய் இடிக்கின்றன. பெரிய சிலைகளில் பல பழைய சாலைகளில் நிற்கின்றன. தாழ்ந்த பாலங்களும் அங்கேதான்.

2. மஞ்சள் நிறத்தை மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் நீளும் ‘ஸ்டாப்’ பலகையையும் சிவப்பு விளக்குகளையும் கழற்றுங்கள். பல மாநிலங்களில் இது சட்டம். பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்று எண்ணி மற்ற வண்டிகள் நிற்கும்படி வைக்கக் கூடாது.

3. எதற்காகக் கட்டினார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். 1956இல் அமெரிக்க நாடாளுமன்றம் நெடுஞ்சாலைச் சட்டம் இயற்றியது. மாநிலங்களை இணைக்கும் அகலச் சாலைகள் வந்தன. அவை சின்ன ஊர்களுக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போயின. நேற்றுவரை கடைவாசலில் நின்ற வண்டிகள் இன்று இரண்டு மைல் தள்ளிப் பறந்தன. மினசோட்டாவின் புளூ எர்த் ஊர் அப்படி ஒதுக்கப்பட்டுவிடுவோமோ என்று பயந்த ஊர். அதனால்தான் 1979இல் அங்கே ஐம்பத்தைந்தரை அடி உயரப் பச்சை மனிதன் எழுந்து நின்றான். அந்தப் பக்கத்தில் விளையும் பட்டாணியையும் சோளத்தையும் டப்பாவில் அடைத்து விற்ற நிறுவனத்தின் சின்னம் அவன். வட டகோட்டாவின் நியூ சேலம் பால்பண்ணை ஊர். அங்கே லயன்ஸ் சங்கத்தார் 1974இல் குன்றின்மேல் 38 அடி உயர ஃபைபர் பசுவை நிறுத்தினார்கள். அதே மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் 1959இலிருந்து 60 டன் கான்கிரீட் காட்டெருமை நிற்கிறது. இவை எல்லாம் ‘கொஞ்சம் நின்றுபோவீர்களா?’ என்று ஒவ்வோர் ஊரும் கேட்ட கேள்விகள். படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிறார்.

4. ரீஜென்ட் ஊர்வரை போங்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். வட டகோட்டாவில் ஐ-94 நெடுஞ்சாலையின் 72ஆம் வெளிவழியில் இறங்கியதும் ‘பறக்கும் வாத்துகள்’ என்ற பிரம்மாண்டமான இரும்புச் சிற்பம் தெரியும். 110 அடி உயரம். பழைய இரும்பால் ஆன சிற்பங்களில் உலகிலேயே பெரியது என்று கின்னஸில் ஏறியது. பலர் அதை மட்டும் பார்த்துவிட்டு நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது தொடக்கம்தான். அங்கிருந்து தெற்கே 32 மைல், ரீஜென்ட் என்ற சிற்றூர்வரை, வழிநெடுக இப்படிச் சிற்பங்கள். தகரக் குடும்பம், வெட்டுக்கிளிகள், காட்டுக்கோழிகள், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும் மீன். எல்லாவற்றையும் எழுப்பியவர் கேரி கிரெஃப். பள்ளிக்கூட வேலையில் இருந்தவர், சிற்பம் படித்தவர் அல்லர். சொந்த ஊர் ஆளில்லாமல் தேய்வதைப் பொறுக்க முடியாமல் 1989இல் இந்த வேலையில் இறங்கினார். முதல் சிற்பம் 1991இல் நின்றது. மூடிப்போன பள்ளிக்கூடத்தை விடுதியாக்கியவரும் அவர்தான். அந்த 32 மைலையும் மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு சிற்பத்துக்கும் இறங்குங்கள். ஒரு மனிதர் தன் ஊருக்காக இவ்வளவு இரும்பைத் தூக்கி நிறுத்த முடியும் என்பதை நான் வேறெங்கும் இப்படிப் பார்த்ததில்லை.

5. ஒரே மாதிரி இரண்டு என்று தள்ளாதீர்கள். மினசோட்டாவின் டார்வினில் ஒரு நூல்பந்து, கான்சஸின் காக்கர் சிட்டியில் ஒரு நூல்பந்து. வைக்கோல்கட்டு கட்டும் சணல்கயிற்றைச் சுற்றிச் சுற்றி உருட்டியவை. டார்வின் பந்து பிரான்சிஸ் ஜான்சன் என்ற ஒரே மனிதரின் உழைப்பு. 1950இல் தொடங்கி 29 ஆண்டுகள் சுற்றினார். எடை 17,400 பவுண்டு. அது கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது, இனி யாரும் அதில் நூல் சேர்ப்பதில்லை. காக்கர் சிட்டியில் பிராங்க் ஸ்டோபர் 1953இல் தொடங்கியதை ஊராரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊரே கூடிச் சுற்றுகிறது. வழிப்போக்கரும் கயிறு வாங்கிச் சுற்றலாம். ஒன்று தனிமனிதரின் விடாப்பிடி, மற்றது ஒரு ஊரின் பழக்கம். இரண்டையும் பார்த்தவருக்குத்தான் இரண்டும் புரியும். என் மனம் காக்கர் சிட்டியோடு இருக்கிறது.

6. வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து போங்கள். சிலையின் காலடி மைதானம் கார்களுக்காகப் போட்டது. உள்ளே போய் மாட்டிக்கொண்டால் பின்னுக்கு எடுப்பதுதான் ஒரே வழி. பள்ளிப் பேருந்தின் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளமான உடல் இருக்கிறது. நீங்கள் வலப்பக்கம் ஒடித்தால் வால் இடப்பக்கம் வீசும், பக்கத்துக் காரின் கதவை எடுத்துவிடும். தேர் திரும்பும்போது கட்டைபோடுகிறவர் சக்கரத்தோடு நடந்து வருவாரே, அப்படி ஒருவர் கட்டாயம் கீழே இறங்கி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து நடப்பதில் இன்னொரு லாபம் உண்டு. சாலையில் வருகிறவர் கண்ணுக்காகச் செய்த உருவம் அது. காலடியில் நின்று அண்ணாந்தால் முழங்கால்தான் தெரியும்.

7. டகோட்டா, கான்சஸ் சமவெளிகளில் பக்கக்காற்று பேருந்தின் நெடிய சுவரைப் பிடித்துத் தள்ளும். காற்று எச்சரிக்கை வந்த நாளில் ஓட்டாதீர்கள். டயரின் பக்கச்சுவரில் வாரமும் ஆண்டுமாக நான்கு இலக்கம் இருக்கும். பட்டன் தேயாவிட்டாலும் வயதான டயரை மாற்றுங்கள்.

8. இரவு தங்குவதற்குக் கேளுங்கள். சிலை நிற்கும் இடம் ஊராட்சியினுடையதாகவோ கடைக்காரருடையதாகவோ இருக்கும். கேட்டால் பெரும்பாலும் இடம் தருவார்கள், அல்லது எங்கே போகலாம் என்று சொல்வார்கள். தொட்டி கழுவிய தண்ணீரைப் புல்லில் திறந்துவிடாதீர்கள். அதற்கென்று கழிவு இறக்குமிடங்கள் உண்டு. தங்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கூட்டம் போன பிறகு மினசோட்டாவின் பெமிட்ஜி ஏரிக்கரையில் நாட்டுப்புறக் கதைகளின் மரவெட்டி பால் பன்யனையும் அவன் நீலக்காளையையும் பார்க்க வேண்டும். பன்யன் 1937இல் நின்றவன், 18 அடிதான். அவனைவிடப் பெரியவை பிறகு எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அந்தச் சாலையோர உருவங்களுக்கெல்லாம் அவன் மூத்தவர்களில் ஒருவன்.

9. ஏறாதீர்கள், சுரண்டாதீர்கள். ஃபைபர் உருவம் உள்ளே வெற்றுக்கூடு. டெக்சஸின் அமரில்லோவுக்கு அருகே 1974இல் மூக்கு மண்ணுக்குள் புதையப் பத்து காடிலாக் கார்களை நட்டிருக்கிறார்கள். அங்கே மட்டும் யார் வேண்டுமானாலும் வண்ணம் அடிக்கலாம். அடித்த பிறகு காலி டப்பாக்களை உங்கள் வண்டியிலேயே எடுத்துப்போங்கள். அங்கே குவியும் டப்பாக் குப்பையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

10. ஒரு நாளைக்கு ஒரு சிலை போதும். மிச்ச நேரத்தை ஊருக்குக் கொடுங்கள். இந்த உருவங்களைப் பார்க்கப் பல இடங்களில் கட்டணமே கிடையாது. வண்ணம் அடிப்பதும் விரிசல் பூசுவதும் அந்தச் சின்ன ஊர்க்காரர்களின் காசில்தான். அதனால் டீசலை நெடுஞ்சாலைப் பங்கில் நிரப்பாமல் ஊருக்குள் போய் நிரப்புங்கள். ஒரு வேளையாவது வண்டியில் சமைக்காமல் அங்கே சாப்பிடுங்கள். சிலைக்குப் பக்கத்தில் உண்டியல் இருந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.