குச்சி வேர்விடுவது கைராசியாலா?

நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் கடன் பெற்றுப் பூச்செடி நாற்றங்கால் ஒன்றைத் தொடங்கினர். ஒரே மண், ஒரே நிழல், ஒரே நீர். நாட்டுச் செம்பருத்தியும் அரளியும் எட்வர்ட் ரோஜாவும் தழைத்தன. பெரிய மலர் தரும் கலப்பின ரோஜாக் குச்சிகளோ பெரும்பாலும் கருகிப்போயின. அவற்றை நட்ட அம்மையார், "என் கைக்கு ராசியில்லை ஐயா, இனி நான் குச்சி தொடமாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். குழுவினரும் அதனை நம்பினர். கடன் தவணையோ நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மையில் குறை அவர் கையில் இல்லை. செடியின் மரபில் இருந்தது. அதனை ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

வேர் எவ்வாறு பிறக்கிறது?

செடியின் நுனி மொட்டிலும் இளந்தளிரிலும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. குச்சியை வெட்டியதும் அதன் வழி தடைப்படுகிறது. அஃது அடிமுனையில் தேங்குகிறது. தேங்கிய ஆக்சின் அங்குள்ள உயிரணுக்களில் உறங்கிக் கிடக்கும் சில மரபணுக்களை எழுப்புகிறது. அவ்வுயிரணுக்கள் பிரிந்து பெருகி வேர்முளை ஆகின்றன. அராபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறுசெடியின் வெட்டிய இலையில், ஆக்சினின் ஆணையை ஏற்று இவ்வேலையைத் தொடங்கிவைப்பது ‘வாக்ஸ்-11’ என்னும் மரபணு எனச் சீன அறிவியலார் 2014-ஆம் ஆண்டில் விளக்கினர்.

இண்டோல் பியூட்ரிக் அமிலம் குச்சிகளை வேர்விடச் செய்யும் என்பதை அமெரிக்க அறிவியலார் 1935-ஆம் ஆண்டிலேயே அறிவித்தனர். இன்று கடைகளில் கிடைக்கும் வேர்ப்பொடிகள் பலவற்றில் இருப்பது இதுவே. எனினும் மருந்து ஆணையை உரக்கச் சொல்லுமேயன்றி, அதனைக் கேட்கும் காதினைச் செடிக்குத் தந்துவிடாது. அக்காது மரபால் வருவது. எட்வர்ட் ரோஜா மெல்லிய குரலையும் கேட்கிறது. கலப்பின ரோஜாக்கள் பல, உரத்த குரலுக்கும் அரைகுறையாகவே செவிசாய்க்கின்றன.

மரபும் வயதும்

வேர்விடும் ஆற்றல் ஒரே மரபணுவின் செயலன்று. பல மரபணுக்கள் கூடிச் செய்வது. ஆதலால் இரு வகைகளைக் கலந்து விதையிலிருந்து வளர்க்கும் செடிகளில் இவ்வாற்றல் கூடியும் குறைந்தும் காணப்படும். குச்சியிலிருந்து வளரும் செடியோ தாயின் மரபணுக்களை அப்படியே பெறுகிறது. குண்டுமல்லி பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. எனினும் நம் முன்னோர் அதனைக் குச்சியாலும் பதியனாலும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். இன்றும் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் மல்லிகைக் கன்றுகளை வளர்த்து வெளியூர்களுக்கு அனுப்புகின்றனர்.

அங்ஙனமாயின் ஒரே செடியில் எடுத்த இரு குச்சிகளுள் ஒன்று வேர்விட, மற்றொன்று பட்டுப்போவது ஏன்? மரபணுக்கள் இரண்டிலும் ஒன்றே. அவை விழித்திருக்கும் நிலைதான் வேறு. கிளை முதிர முதிர வேர்விடத் துணைபுரியும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன. பூத்துக் களைத்த கிளையினும் புதிதாகத் துளிர்த்த கிளை எளிதில் வேர்விடுவது இதனாலேயே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, தாய்ச்செடியைச் சோதித்தறிதல். ஒவ்வொரு வகையிலும் இருபது குச்சிகளை நட்டு, வகையின் பெயரையும் நாளையும் எழுதிவைத்து, இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயிரம் குச்சி நட்டுப் பொருளை இழக்குமுன் இருபதில் உண்மையை அறியலாம்.

இரண்டாவது, தாய்ச்செடியைக் கவாத்துச் செய்து, புதிதாக எழும் நோயற்ற கிளைகளிலிருந்து பென்சில் பருமனுள்ள குச்சிகளை எடுத்தல். பூவும் மொட்டும் உள்ள கிளையைத் தவிர்த்தல் நலம்.

மூன்றாவது, மருந்திட்டும் வேர்விடாத வகையோடு மல்லுக்கட்டாமை. எளிதில் வேர்விடும் எட்வர்ட் ரோஜாவை அடிச்செடியாக வளர்த்து, அதன்மேல் கலப்பின ரோஜாவின் மொட்டைக் கட்ட வேண்டும். வேர் ஒரு மரபினது, மலர் மற்றொரு மரபினது. இரண்டும் ஒரே செடியில் வாழும்.

மேற்சொன்ன குழுவினர் இம்முறையையே மேற்கொண்டனர். எட்வர்ட் குச்சிகளை நட்டு வேர்விடச் செய்யும் பொறுப்பு, ராசியில்லை என்று ஒதுங்கிய அம்மையாரிடமே ஒப்படைக்கப்பட்டது. முதற்பாத்தி துளிர்த்த நாளில் அவர் நம்மை அழைத்துச்சென்று காட்டினார். நாற்றங்காலில் குச்சி பட்டுப்போனால், நட்டவரைக் குறைகூறுமுன் அதன் தாய்ச்செடி எது, எந்தக் கிளையில் எடுத்தது என்று கேட்கும் வழக்கம் ஊர்தோறும் வேரூன்றுமாக.