மிருதங்கத்துக்கு எதற்கு ஷ்ரோடிங்கர்?

அன்புள்ள தம்பி,

“குவாண்டம் கணக்கை மிருதங்கத் தோலுக்குப் போட்டால் தோலும் குவாண்டப் பொருளாகிவிடுமா ஐயா?” என்று கேட்டிருக்கிறாய். ஆகாது. ‘எல்லாமே குவாண்டம் அதிர்வு’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் பேச்சைக் கேட்டுத் தொலைத்திருக்கிறாய்.

யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று முதலில் பார். தந்தியின் கனம் சற்றே சீரற்றிருந்தால் சுருதி எவ்வளவு மாறும் என்று ரேலே பிரபு 1877-இலேயே ‘ஒலியின் கோட்பாடு’ நூலில் கணக்கிட்டுவிட்டார். 1926-இல் ஷ்ரோடிங்கர் அந்த உத்தியை ஹைட்ரஜன் அணுவின் குவாண்டம் கணக்குக்கு எடுத்துப்போனார். ரேலேயின் பெயரையும் மறைக்கவில்லை. நாம் இப்போது கொடுத்த கடனை வட்டியோடு வசூலிக்கிறோம், அவ்வளவுதான்.

விதி இது: ஓர் அதிர்வுப் பாங்கு எங்கே துள்ளுகிறதோ அங்கே எடை வைத்தால் அதன் அதிர்வெண் இறங்கும், அவ்விடத்து வீச்சின் வர்க்கத்துக்கு ஏற்ப. அசையாத இடமான கணுவில் வைத்தால் இறங்காது.

வெறும் வட்டத் தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாகப் போகும். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை நடுவே கரணை என்ற கரும்பூச்சை வை. அடிப்படை அதிர்வு நடுவில்தான் துள்ளும். அது நன்றாக இறங்கும். அடுத்ததற்கு நடுவில் கணு. கரணை அகலமாக இருப்பதால் கொஞ்சம் இறங்கும். 1.59 என்ற விகிதம் 2 ஆகிவிடும். ‘கரணை மேற்சுரத்தை ஏற்றுகிறது’ என்று எழுதியவர்களுக்கு நான் மதிப்பெண் போட்டதே இல்லை. ஏறியது விகிதம். சுரங்கள் இறங்கத்தான் செய்தன.

1920-இலும் 1934-இலும் சி. வி. ராமன் இதைப் பற்றி எழுதினார். தோலில் மணல் தூவிக் கணுக்களைப் பார்த்தார். சுரங்கள் 1:2:3:4:5 என்று அமைவதைக் காட்டினார். ஒவ்வொரு சுரத்திலும் எத்தனை பாங்குகள் என்று, திசை மாறிய இரட்டைகளையும் சேர்த்து எண்ணு: 1, 2, 3, 4, 5. இருபரிமாணச் சீரிசை அலையியற்றியின் ஆற்றல் மட்டங்களும் 1:2:3:4:5தான்; ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள நிலைகளும் 1, 2, 3, 4, 5தான்! இதை நோட்டு ஓரத்தில் எண்ணிப் பார்த்த அன்று, பஸ்ஸில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் துள்ளாதே. அங்கே ஆற்றல், இங்கே அதிர்வெண். தோலின் கணக்கில் பிளாங்க் மாறிலி எட்டிக்கூடப் பார்க்காது. கரணையும் சிறு எடையல்ல. மேலே சொன்ன விதி முதற்படித் திருத்தம்தான்; அது போக்கைக் காட்டுமே தவிர, துல்லியம் தராது.

கரணையை ஓரமாகத் தள்ளினால் அந்த இரட்டைகள் என்னாகும்? அடுத்த கடிதத்தில் எழுது. அதற்கு முன் தபலா ஜோடியின் இடக்கைப் பறையை ஒருமுறை உற்றுப் பார். அதில் கரும்பூச்சு நடுவில் இருக்காது.

அன்புடன்,
உன் ஆசிரியன்