இரண்டு முறை துள்ளும் பந்து
(விளையாட்டு அறிவோம்)



பி.டி. பீரியட் மணி அடித்ததும் நீங்க எல்லாரும் கிரவுண்டுக்கு ஓடுவீங்க. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து உங்க பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்குவேன். என் இடது கால் பிறந்ததிலிருந்தே வளைந்தது. நடப்பேன், ஓட முடியாது. இதை வருத்தப்பட்டு எழுதவில்லை. அறிவியல் டீச்சர் தன் போனில் ஒரு டென்னிஸ் ஆட்டம் காட்டினாங்க. அதில் ஆடியவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். அவர் பெயர் எஸ்தர் வெர்கீர்.

நாடும் பிறப்பும்

பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்தோம் அல்லவா? அவர்களுடைய நாடுதான் நெதர்லாந்து. அங்கே வூர்டன் என்ற ஊரில் 1981ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி எஸ்தர் பிறந்தார்.

ஆறு வயதில் ஒருநாள் நீச்சல் பழகிவிட்டு வந்தவருக்குத் தலைசுற்றல் வந்தது. முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில் கோளாறு இருப்பதை மருத்துவர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள். எட்டு வயதில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இரண்டு கால்களும் செயல் இழந்துவிட்டன. எட்டு வயது என்றால் நம்ம ஸ்கூலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான். யோசித்துப் பாருங்க.

சிகிச்சைக்குப் பிறகு பயிற்சி கொடுத்த இடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். கூடைப்பந்து, டென்னிஸ் இரண்டும் அவருக்கு நன்றாக வந்தன. 1997இல் ஐரோப்பிய சக்கர நாற்காலி கூடைப்பந்துப் போட்டியில் வென்ற நெதர்லாந்து அணியில் அவரும் இருந்தார். அதன் பிறகு டென்னிஸையே தேர்ந்தெடுத்தார்.

சக்கர நாற்காலி டென்னிஸ் எப்படி ஆடுவது?

1976இல் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸ் என்பவர் இதைத் தொடங்கி வைத்தார். மைதானம் சின்னதாக இருக்கும், வலை தாழ்வாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அப்படி இல்லை! மைதானம், வலை, பந்து, மட்டை எல்லாம் மற்றவர்கள் ஆடுவதே. ஒரே ஒரு விதிதான் பெரிய வேறுபாடு. சாதாரண டென்னிஸில் பந்து ஒரு முறை தரையில் பட்டதும் அடித்துவிட வேண்டும். இங்கே இரண்டு முறை துள்ளலாம். முதல் துள்ளல் கோட்டுக்குள்ளே இருக்கணும். இரண்டாவது கோட்டுக்கு வெளியே போனாலும் பரவாயில்லை.

இது சலுகை மாதிரி தெரியலாம். ஆனால் கஷ்டம் எவ்வளவு பாருங்க. மட்டையைப் பிடித்திருக்கும் அதே கையால் சக்கரத்தையும் தள்ளணும். அடிக்கும்போது இருக்கையை விட்டு எழும்பக் கூடாது. நாற்காலியின் சக்கரங்கள் மேலே உள்வாங்கியும் கீழே அகன்றும் சாய்வாக இருக்கும். அதனால்தான் வேகமாகத் திரும்பினாலும் கவிழ்வதில்லை.

வெற்றிப் பயணம்

1999இல் எஸ்தர் உலக முதலிடத்தைப் பிடித்தார். மொத்தம் 668 வாரங்கள் முதலிடத்தில் இருந்தார். அதாவது பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலே!

2003 ஜனவரியில் சிட்னியில் ஆஸ்திரேலிய வீராங்கனை டேனியெலா டி டோரோவிடம் ஒற்றையர் ஆட்டத்தில் தோற்றார். அதற்குப் பிறகு? ஓய்வு பெறும் வரை ஒற்றையரில் ஒரு ஆட்டம்கூட தோற்கவில்லை. தொடர்ச்சியாக 470 வெற்றிகள். நம்ம ஸ்கூல் வருஷத்துக்குச் சுமார் 210 நாள் நடக்கும். தினம் ஒரு ஆட்டம் என்று வைத்தாலும், இரண்டு கல்வியாண்டு முடிந்த பிறகும் வெற்றி மிச்சம் இருக்கும்.

அவர் பெற்றவை:

1. பாராலிம்பிக் ஒற்றையர் தங்கம் 4 (2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங், 2012 லண்டன்)
2. பாராலிம்பிக் இரட்டையர் தங்கம் 3, வெள்ளி 1
3. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் 21 (ஆஸ்திரேலியா 9, பிரான்ஸ் 6, அமெரிக்கா 6)

இதில் விம்பிள்டன் ஏன் இல்லை என்று கேட்பீங்க. புல் தரையில் சக்கரத்தைத் தள்ளுவது ரொம்பக் கடினம் என்று, அங்கே சக்கர நாற்காலி ஒற்றையர் போட்டியே நடத்தாமல் இருந்தார்கள். 2016இல்தான் தொடங்கினார்கள். எஸ்தர் 2013 பிப்ரவரியிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் தோற்றதால் அந்தப் பட்டம் கிடைக்காமல் போகவில்லை. போட்டியே இல்லாததால் கிடைக்கவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஒரே ஒரு புள்ளி

எப்போதும் ஜெயிப்பவருக்குப் பயமே இருக்காது என்று நினைக்காதீங்க. 2008 பெய்ஜிங் இறுதி ஆட்டத்தில் தன் சொந்த நாட்டு வீராங்கனை கோரி ஹோமனை எதிர்த்தார். முதல் செட் 6-2 என்று எஸ்தருக்கு. இரண்டாவது 6-4 என்று ஹோமனுக்கு. மூன்றாவது செட்டில் ஹோமனுக்கு இன்னும் ஒரு புள்ளி கிடைத்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்ற நிலை வந்தது. அந்த ஒரு புள்ளியை எஸ்தர் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் 7-6 என்று செட்டை வென்று தங்கம் வாங்கினார். 470 ஆட்டங்களில் தோல்விக்கு அவ்வளவு அருகில் போனது அந்த ஒரு முறைதான்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. மாற்றுத்திறன் குழந்தைகள் விளையாட உதவும் அறக்கட்டளை ஒன்றை அவர் பெயரில் நடத்துகிறார்கள். டோக்கியோ பாராலிம்பிக்கில் (2021) நெதர்லாந்து அணிக்குத் தலைமைப் பொறுப்பாளராகச் சென்றார். 2023இல் சர்வதேச டென்னிஸ் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நான் கற்றது

அவருடைய விடாமுயற்சி பெரியது. அதோடு, இரண்டாவது துள்ளலுக்கு அனுமதி கொடுத்த அந்த விதியும் பெரியது. அந்த விதி இல்லையென்றால் அவரும் எங்கேயோ ஒரு மரத்தடியில் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பி.டி. சாருக்கும் வகுப்புத் தோழிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம்ம எறிபந்து ஆட்டத்தில் பந்தைத் தரையில் படாமல் பிடிக்கணும். எனக்கு மட்டும் ஒரு துள்ளலுக்குப் பிறகு பிடிக்கலாம் என்று விதி வைப்பீர்களா? எறிவதற்கு என் கைகள் நன்றாகவே இருக்கின்றன. வீட்டுச் சுவரில் எறிந்து பழகிக்கொண்டிருக்கிறேன். பைகளை எல்லாருமாகச் சேர்ந்து மரக்கிளையில் மாட்டிவிடலாம்.

யோசித்துப் பாருங்கள் (விடை மேலேயே உள்ளது):
1. சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து எத்தனை முறை துள்ளலாம்?
2. எஸ்தர் தொடர்ச்சியாக வென்ற ஒற்றையர் ஆட்டங்கள் எத்தனை?
3. நாற்காலியின் சக்கரங்கள் ஏன் சாய்வாக இருக்கின்றன?



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி